அணுவின் இடைவெளியை அளந்த ராமச்சந்திரன்

பாரத நாட்டார் பிறர் கண்ட சாஸ்திரத்தை ஒப்பிப்பவரேயன்றி, தாமாக ஓர் அளவுகோல் செய்து உலகுக்குக் கொடுத்தவரல்லர் என்று சொல்லுவோர் நம்மவருள்ளேயே இருக்கின்றனர். அவர்கள் எந்த நாட்டு ஆராய்ச்சிசாலையிலாயினும் புரதத்தின் உருவைத் திரையில் காட்டும் கம்ப்யூட்டரின் முன் சற்று நிற்பாராக. இரண்டு அணுக்களைச் சுட்டினால் அவற்றின் இடைத்தூரம் எண்ணாகத் தோன்றுகிறது. மூன்றைச் சுட்டினால் கோணம். நான்கைச் சுட்டினால் முறுக்கின் அளவு. அம்முறுக்குகள் யாவும் ஒரு சதுரப் படத்தில் புள்ளிகளாக விழுகின்றன. தகாத இடத்தில் விழுந்த புள்ளிக்குக் குறியிட்டு, அவ்விடத்தை மறுபடி சோதிக்கும்படி ஆராய்ச்சியாளனுக்கு அறிவிக்கப்படுகிறது. அப்படத்துக்கு ராமச்சந்திரன் படம் என்று பெயர். அது பிறந்த ஊர் சென்னை.

ஸ்ரீ ஜி. என். ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8-ல் எர்ணாகுளத்தில் பிறந்தார். பெயரின் முதலெழுத்து திருநெல்வேலிச் சீமையின் கோபாலசமுத்திரத்தைக் குறிப்பது. தந்தையார் கணித ஆசிரியர். 1942-ல் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் மின்சார எஞ்சினீயரிங் பயிலச் சேர்ந்த இவரை, ஸர் சி. வி. ராமன் பௌதிக சாஸ்திரத்துக்கு இழுத்துக் கொண்டார். பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று 1949-ல் திரும்பினார். 1952-ல் சென்னை சர்வகலாசாலை அவரைப் பௌதிகத் துறைக்குத் தலைவராக்கிற்று. துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் முப்பது வயதை எட்டும் ஓர் இளைஞரை நம்பி ஒரு துறையை ஒப்படைத்தார். அந்தத் துணிவு நமது கல்விச்சாலைகளில் இன்றும் அரிதாகவே காணப்படுகிறது.

அச்சமயம் சென்னைக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னால், தோலுக்கும் எலும்புக்கும் தசைநாருக்கும் உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் போனார். ராமச்சந்திரன் அதைப் பற்றிக்கொண்டார். கங்காருவின் வால் தசைநாரை எக்ஸ்-ரே கொண்டு படமெடுத்து, கோபிநாத் கர்த்தா என்னும் சகாவுடன் 1954-ல் ஒரு மாதிரியை வெளியிட்டார். 1955-ல் அதைத் திருத்தினார். வன்னியம்பட்டியிலும் ராஜபாளையத்திலும் உள்ள நம் வாசகருக்கு அதை விளக்குவது எளிது. மில்லில் இழைகளைச் சேர்த்து முறுக்குவதுபோல, மூன்று புரதச் சங்கிலிகள் தனித்தனியே முறுகி, மூன்றும் சேர்ந்து மறுபடியும் முறுகி நிற்கின்றன. மூன்றாவது இடந்தோறும் கிளைஸின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் வருவதாலேயே அவ்வளவு நெருக்கமாக முறுக்க முடிகிறது.

உடனே ஆட்சேபம் எழுந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கிரிக்கும் அமெரிக்கரான ரிச்சும் முறுக்கை ஒப்புக்கொண்டனர். ஆனால் சில அணுக்கள் இருக்கத்தகாத அளவு நெருங்கியிருக்கின்றன என்றும், மூன்று அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் என்பது தவறு, ஒன்றே உண்டு என்றும் எழுதினர். பிணைப்பு விஷயத்தில் தீர்ப்பு அவர்கள் பக்கமே முடிந்தது. இதை மறைத்து எழுதுவது தேசபக்தியாகாது. மூவிழை முறுக்கு சென்னையினுடையது என்பதும் அதே அளவு உண்மை.

நாம் வக்கீல் தொழிலில் கண்டது யாதெனில், எதிர்க்கட்சியின் ஆட்சேபத்துக்குப் பெரும்பாலோர் கோபத்தாலேயே விடையிறுப்பர். ராமச்சந்திரன் வேறொன்று செய்தார். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்குச் சட்டம் எங்கே என்று கேட்டார். ஒருவரும் முறையாக எழுதிவைக்கவில்லை. ஆகவே அதுவரை அளக்கப்பட்டிருந்த படிகங்களையெல்லாம் ஆராய்ந்து அவரே எழுதினார். இரு கார்பன் அணுக்களுக்கிடையே சாதாரணமாக 3.2 ஆங்ஸ்ட்ரம், மிஞ்சிப் போனால் 3.0, ஆக்ஸிஜன் இரண்டுக்கு 2.7, அல்லது 2.6. ஆங்ஸ்ட்ரம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. இதன்மேல், புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் திரும்பக்கூடிய பிணைப்புகள் இரண்டே என்பதைக் கொண்டு, அவ்விரண்டு கோணங்களையும் படிப்படியாக மாற்றி, எந்தெந்த நிலையில் அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கின்றன என்று கணக்கிட்டனர். ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் உடனிருந்து உழைத்தனர். இன்றைய கம்ப்யூட்டர் அவர்கள் கையில் இல்லை. சதுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு விலக்கப்பட்ட பிரதேசம் என்று தெரிந்தது. 1963-ல் இது வெளியாயிற்று.

பொய் உருவத்தை மெய் உருவத்தினின்று பிரிக்கும் சோதனை இவ்வாறு உலகுக்குக் கிடைத்தது. எழுதியவனின் செல்வாக்கையோ நாட்டையோ அது பார்ப்பதில்லை. கோணத்தை மட்டுமே பார்க்கிறது.

1970-ல் ராமச்சந்திரன் சென்னையை விட்டுப் பெங்களூர் சென்றார். மறு வருஷம் லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, எக்ஸ்-ரே நிழல்களிலிருந்து உள்ளுருவைக் கணிக்கும் முறையொன்றை வகுத்தார். உடலை ஸ்கேன் செய்யும் கருவிகளுக்கு அவ்வகைக் கணிதம் பயன்பட்டது. 1977-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கிற்று. நோபல் பரிசு வரவில்லை. 1999-ல் படிக சாஸ்திரிகளின் எவால்ட் பரிசு வந்தபோது, மனைவியார் ராஜலட்சுமி காலமாகி ஒரு வருஷமாகியிருந்தது. அவரையும் பார்க்கின்ஸன் நோய் வருத்திக்கொண்டிருந்தது. 2001 ஏப்ரல் 7-ல் சென்னையிலேயே உயிர் நீத்தார்.