தாமஸ் மெர்ட்டன்

கிறித்துவ மடத்துத் துறவியாய் இருபத்தேழு ஆண்டு வாழ்ந்து, பகவன் புத்தரின் திருவுருவங்களின் முன் தாம் தேடியதைக் கண்டுகொண்ட ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

தாமஸ் மெர்ட்டன் 1915 சனவரி 31-இல் பிரான்சு நாட்டுப் பிராத் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஓவியர். ஆறு வயதில் அன்னையையும் பதினைந்தில் தந்தையையும் இழந்தார். நியூயார்க்கில் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் பயின்ற நாளில், 1938-இல், மகாநாமவிரத பிரம்மச்சாரி என்னும் வங்காள வைணவத் துறவியின் நட்பு வாய்த்தது. கீழை ஞானத்தில் ஆர்வங்கொண்ட அவ்விளைஞரை அப்பெரியார் தம் சமயத்துக்கு ஈர்க்க முற்படவில்லை. அகஸ்தீனாரின் நூலையும் ‘கிறிஸ்துநாதர் அநுசார’த்தையும் படிக்குமாறு பணித்தார். பிறர் சமயத்தைப் பேணும் பண்புக்கு இதனினும் நல்ல சான்று நாம் அறியோம். அவ்வாண்டே மெர்ட்டன் திருமுழுக்குப் பெற்றார். 1941 டிசம்பர் 10-இல் கெண்டக்கி மாநிலத்துக் கெத்செமனி மடத்தை அடைந்தார். 1948-இல் வெளிவந்த தன்வரலாற்று நூலால் பெரும்புகழ் எய்தினார்.

சொல்லும் உருவும் எண்ணமும் கழன்றபின் இறைவன் திருமுன் வாளாவிருத்தலே அம்மடத்தார் போற்றும் உயர்ந்த செபம். சென் பௌத்தரின் அமர்வும் புறத்தே நோக்குவார்க்கு அஃதே போலும். எனினும் சென் நெறியில் எதிரே எழுந்தருளியிருப்பவர் எவரும் இலர். அமர்ந்திருக்கும் ‘நான்’ என்பதும் நிலைப்பதன்று. இவ்வேறுபாடே மெர்ட்டனை ஆழ்ந்து சிந்திக்கச் செய்தது. 1959 முதல் ஜப்பானிய அறிஞர் சுசூகியுடன் கடிதவழி உரையாடினார். 1964-இல் நேரிலும் கண்டார். வேறுபாட்டை அவர் மறைக்கவில்லை, அதற்கு அஞ்சவுமில்லை. அவர் உள்ளத்தால் பௌத்தராகிவிட்டார் என நம்மவருட் சிலர் உரிமை கொண்டாடுவது நமக்கு உடன்பாடன்று. இறுதிவரை அவர் கிறித்துவத் துறவியே.

1968-இல் ஆசியப் பயணம் மேற்கொண்டார். தர்மசாலாவில் தலாய் லாமாவை மும்முறை கண்டு தியான முறைகளை உசாவினார். சென்னைப் பரங்கிமலையையும் மாமல்லபுரத்தையும் கண்டபின் இலங்கை சென்றார். பொலன்னறுவையில், கல் விகாரையின் பெருஞ்சிலைகளை நோக்கி ஈரப்புல்லில் வெறுங்காலுடன் நடந்தார். உடன்வந்த பாதிரியார் அணுக விரும்பாது விலகி நின்றார். அக்கல்லுருவங்களின் அமைதி கண்டு, வழக்கமான பார்வை அறுந்து உள்ளம் தெளிந்ததை மெர்ட்டன் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அஃது 1973-இல் நூலாயிற்று.

சில நாட்களில், டிசம்பர் 10-இல், பாங்காக்கு நகரருகே துறவியர் மாநாட்டில் உரையாற்றி அறைக்குத் திரும்பியவர், பழுதுற்ற மின்விசிறியின் அருகே இறந்து கிடந்தார். வியத்நாம் போரை எதிர்த்த அவருடைய உடலை, அப்போரில் மாண்ட வீரர்களின் உடல்களோடு அமெரிக்கப் படை விமானமே தாய்நாடு கொண்டு சேர்த்தது. கெத்செமனியில் அடக்கம் செய்தனர்.