புயலுக்குப் பெயர் வைத்த மாலுமி

வங்கக் கடலில் புயல் என்றால் கரையோர மக்களுக்குக் கிலி. கரையைக் கடந்த புயல், உள்நாட்டிலும் மழையைக் கொட்டுகிறது. கடலுக்கு வெகு தூரத்தில் இருக்கும் சேர்வராயன் மலையிலும், ஏற்காட்டிலும்கூட அந்த மழை பெய்வது உண்டு.

இந்தப் புயலுக்கு ஆங்கிலத்தில் 'சைக்ளோன்' என்று பெயர். அந்தப் பெயரைச் சூட்டியவர், கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன்.

அவர் 1797-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். வணிகக் கப்பலில் மாலுமியாக இருந்து, கேப்டனாக உயர்ந்தார். பிறகு கல்கத்தாவில் குடியேறினார். கப்பல் விபத்துகளை விசாரிக்கும் கோர்ட்டுக்குத் தலைவராகவும் இருந்தார்.

பாம்புச் சுருள்

புயல் நேராக வீசுவது அல்ல, சுழன்று வீசுவது என்று வில்லியம் ரீட் என்ற ராணுவ அதிகாரி 1838-ல் ஒரு புத்தகம் எழுதினார். வங்கக் கடலிலும் அப்படித்தானா? பிடிங்டன் ஆராய்ச்சியில் இறங்கினார்.

புயலில் சிக்கிய கப்பல்களின் நாட்குறிப்புகளைத் திரட்டினார். எந்த நேரத்தில், எந்தத் திசையிலிருந்து காற்று அடித்தது என்று கடல் படத்தில் குறித்தார். எல்லாம் ஒரு மையத்தைச் சுற்றி நின்றன!

1845-ல் மொரீஷியஸ் அருகே 'சார்லஸ் ஹெடில்' என்ற கப்பல் புயலில் மாட்டியது. காற்றின் போக்கிலேயே ஓடிய அந்தக் கப்பல், செக்கு மாடு போலத் திரும்பத் திரும்ப வட்டமிட்டது. பிடிங்டனுக்கு இது நல்ல சாட்சியாகக் கிடைத்தது.

சுருண்ட பாம்பை நினைவூட்டும் கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை உண்டாக்கினார். 1848-ல் மாலுமிகளுக்காக ஒரு புத்தகம் வெளியிட்டார். அதோடு, கொம்பினால் செய்த கண்ணாடி போன்ற தகடுகளையும் கொடுத்தார். காற்று சுழலும் விதம் அதில் வரையப்பட்டிருந்தது. தகட்டைக் கடல் படத்தின் மேல் வைத்தால், புயலின் மையம் எந்தப் பக்கம் என்று தெரியும். கேப்டன் கப்பலை வேறு திசையில் திருப்பித் தப்பலாம்.

காதில் ஏறாத எச்சரிக்கை

1839-ல் கோதாவரிக் கரையில் இருந்த கோரிங்கா துறைமுகத்தைப் புயல் அழித்தது. கடல் ஊருக்குள் புகுந்தது. அதையும் ஆராய்ந்தவர் பிடிங்டன். காற்றைவிடக் கடல் பொங்கி வருவதே பெரிய ஆபத்து என்பது அவருக்குத் தெரியும்.

கல்கத்தாவுக்குத் தெற்கே, மாத்லா நதிக்கரையில் புதுத் துறைமுகம் கட்ட வெள்ளைக்கார அரசு திட்டம் போட்டது. அங்கே ஒருநாள் புயலோடு கடல் வந்து ஊரையே மூழ்கடிக்கும் என்று 1853-ல் பிடிங்டன் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கு எழுதினார்.

யாரும் கேட்கவில்லை. 1858-ல் பிடிங்டன் காலமானார். துறைமுகம் எழுந்தது. கானிங் என்று பெயரும் வைத்தார்கள்.

1867 நவம்பரில் புயல் வந்தது. கடலும் வந்தது. துறைமுகம் பாழாயிற்று. சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

1875-ல் இந்திய வானிலை இலாகா ஏற்பட்டது. புயல் வருமுன் மக்களை எச்சரிப்பது இன்று அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. பிடிங்டன் தனி ஒருவராகச் செய்து பார்த்ததும் அதைத்தான்!