காவிரியில் மின்னொளி கண்ட திவான்

மாலையில் விசையை அழுத்திய மாத்திரத்தில் நம் இல்லங்களில் விளக்கு எரிகின்றது. மைசூர்ச் சீமையில் அவ்வொளிக்கு வித்திட்டவர் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய ஒருவர் என்பதை நம் குழந்தைகள் அறிதல் வேண்டும். அவரே திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர்.

1845 ஜூன் 1ஆம் நாள் பாலக்காட்டுப் பகுதியில் பிறந்த இவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பி.ஏ. பட்டம் பெற்று, 1868இல் மைசூர் அரசுப் பணியில் சேர்ந்தார். திவான் ரங்காசார்லு மறைந்ததும் 1883இல் அப்பொறுப்பை ஏற்றுப் பதினெட்டு ஆண்டுகள் வகித்தார்.

சிவசமுத்திரத்தில் காவிரி பாறைகளினின்று வீழ்வதைக் கண்டு மகிழ்ந்தோர் பலர். அதை நாட்டுக்குப் பயன்படும் ஆற்றலாகக் கண்டவர் இவர்.

நீருக்கும் மின்சாரத்துக்கும் இடையே நின்று பாலமாவது காந்தம். மின்னோட்டம் காந்த ஊசியை அசைக்கும் என்பதை 1820இல் டென்மார்க்கு அறிஞர் ஓர்ஸ்டெட் கண்டார். அவ்வாறாயின் காந்தத்தினின்று மின்சாரம் பெறலாகாதா என்று ஆராய்ந்தார் மைக்கேல் பாரடே. கொல்லர் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர் அவர். 1831இல் விடை கிடைத்தது. அசையாத கம்பிச் சுருளருகே காந்தம் வாளா கிடந்தால் மின்சாரம் பிறவாது. சுருளினூடே காந்தப் புலம் மாறிக்கொண்டிருந்தால்தான் பிறக்கும். அம்மாற்றத்துக்கு ஓயாத சுழற்சி வேண்டும். அதை வீழும் நீர் தந்தது. மின்னழுத்தத்தை உயர்த்தித் தொலைவுக்கு அனுப்ப உதவும் மின்மாற்றியும் இதே உறவால் இயங்குவதே. அங்கே சுழல்வது ஒன்றுமில்லை. திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டமே காந்தப் புலத்தை மாற்றுகின்றது.

மகாராஜா 1894இல் மறைந்தபின், மகாராணியார் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த காலம் அது. பொறியாளர் டி லாட்பினியர் வகுத்த திட்டத்தைத் திவான் துணிந்து ஏற்றார். சிவசமுத்திரத்தினின்று கோலார் தங்கச் சுரங்கம் 92 மைல். அத்தனை தொலைவுக்கு மின்சாரம் அனுப்புவது இந்தியா அதுவரை கண்டிராத செயல்.

பணி நடக்கும்போதே திவானின் உடல்நலம் குன்றியது. 1901இல் பதவி விலகினார். அவ்வாண்டு செப்டம்பர் 13ஆம் நாள் காலமானார். 1902 ஜூன் இறுதியில், தமிழ்த் தொழிலாளர் பலர் உழைத்த அச்சுரங்கங்களை மின்சாரம் எட்டியது. 1905இல் பெங்களூரும், 1908இல் நம் மைசூரும் மின்னொளி பெற்றன.

பனையை வைத்தவன் பார்த்துவிட்டேனும் சாவான் என்பர் நம் முன்னோர். இவருக்கோ அப்பேறும் வாய்க்கவில்லை. பெங்களூர் கப்பன் பூங்காவில் இவருக்குச் சிலை உண்டு. ஆயினும், மாலைதோறும் நம் இல்லத்தில் ஏற்றும் விளக்கினையே இவர் நினைவாக நாம் போற்றுவோமாக.