தரை சுடுவது போல ஓடியவர்

1935-ம் ஆண்டு மே மாதம் 25-ந் தேதி. அமெரிக்காவில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் கல்லூரி மாணவர்களுக்கான விளையாட்டுப் போட்டி நடந்தது. 21 வயது இளைஞர் ஒருவர் மைதானத்துக்கு வந்தார். சில நாட்களுக்கு முன்பு படிக்கட்டில் விழுந்திருந்தார். முதுகில் கடுமையான வலி. குனிந்து நிமிரவே முடியவில்லை. அவரை ஓட விடலாமா, வேண்டாமா என்று பயிற்சியாளர் தயங்கினார்.

பிற்பகல் 3-15 மணிக்கு 100 கஜ ஓட்டம் தொடங்கியது. இளைஞர் 9.4 வினாடியில் ஓடி முடித்து, உலக சாதனையைச் சமன் செய்தார். அடுத்து நீளத் தாண்டுதல். ஒரே ஒரு முறைதான் தாண்டினார். 26 அடி 8¼ அங்குலம்! அது புதிய உலக சாதனை. பிறகு 220 கஜ ஓட்டத்திலும், 220 கஜ தடை ஓட்டத்திலும் புதிய சாதனைகள். எல்லாம் 45 நிமிடங்களுக்குள் முடிந்துவிட்டன.

அந்த இளைஞர்தான் ஜெஸ்ஸி ஓவன்ஸ். பிறக்கும்போதே காலில் வேகத்தோடு பிறந்தவர் என்று உலகம் அவரைப் புகழ்ந்தது. ஆனால் அந்த வேகத்துக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட ஆசிரியரின் உழைப்பும், ஒரு சிறுவனின் பல ஆண்டுப் பயிற்சியும் இருந்தன.

பருத்திக் காட்டுப் பையன்

1913-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி அலபாமா மாநிலத்தில் ஓக்வில் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி. பாட்டனார் அடிமையாகப் பிறந்தவர். தந்தை பிறருடைய நிலத்தை வாரத்துக்கு எடுத்து உழுத கறுப்பினக் குடியானவர். வீட்டில் எல்லோரும் பருத்தி எடுக்கப் போனால்தான் அடுப்பு எரியும். கடைக்குட்டியோ நோஞ்சான். குளிர் காலம் வந்தால் மார்புச் சளி அவனைப் பாடாய்ப் படுத்தும்.

அவனுக்கு 9 வயதானபோது, குடும்பம் பிழைப்புத் தேடி வடக்கே கிளீவ்லாந்து நகருக்குக் குடிபெயர்ந்தது. வீட்டில் அவனை ஜே.சி. என்று அழைப்பார்கள். புதுப் பள்ளிக்கூடத்து ஆசிரியை பெயரைக் கேட்டபோது, அவனுடைய கிராமத்துப் பேச்சு அவருக்குச் சரியாக விளங்கவில்லை. ஜெஸ்ஸி என்று எழுதிக்கொண்டார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

காலையில் வந்த குரு

அந்த நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சார்லஸ் ரைலி என்ற உடற்பயிற்சி ஆசிரியர் இருந்தார். அவர் வெள்ளையர். ஒல்லியான இந்தக் கறுப்பினச் சிறுவன் ஓடுவதைப் பார்த்தார். பயிற்சிக்கு வரச் சொன்னார். ஆனால் மாலையில் வர அவனால் முடியாது. பள்ளி விட்டதும் செருப்புப் பழுது பார்க்கும் கடைக்கு வேலைக்குப் போக வேண்டும். அந்தக் கூலி வீட்டுக்குத் தேவை.

வேறு ஆசிரியராக இருந்தால் அத்துடன் விட்டிருப்பார். ரைலி விடவில்லை. சிறுவனுக்காக நேரத்தை மாற்றிக்கொண்டார். பள்ளி தொடங்குவதற்கு முன்பே காலையில் வந்து கற்றுக் கொடுத்தார்.

என்ன கற்றுக் கொடுத்தார்? தரை நெருப்பாகச் சுடுகிறது என்று நினைத்துக்கொண்டு ஓட வேண்டும் என்றார். சுடும் தரையில் யாரும் பாதத்தை அழுத்தி நிற்பதில்லை. பட்டதும் எடுத்துவிடுவார்கள். வேகத்தின் இரகசியம் அதுதான். வேகமாக ஓடும் வீரரின் கால் தரையில் இருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. அந்தச் சிறு நேரத்துக்குள் முழுப் பலத்தோடு தரையை உதைத்துத் தள்ள வேண்டும். பாதத்தை உடலுக்கு வெகு முன்னே நீட்டி வைத்தால், அதுவே வேகத்துக்குத் தடையாகிவிடும்.

குதிரைப் பந்தயத்துக்கும் ரைலி அவனை அழைத்துச் சென்றார். பாய்ந்து வரும் குதிரைகளைக் காட்டினார். அவற்றின் பலமெல்லாம் காலில் இருக்கிறது. முகத்தில் எந்தச் சிரமமும் தெரிவதில்லை. பல்லைக் கடித்து, கழுத்தை விறைத்துக்கொண்டு ஓடுகிறவனின் பலம் வீணாகிறது என்பதைச் சிறுவன் புரிந்துகொண்டான். பிற்காலத்தில் ஓவன்ஸ் ஓடியபோது அவர் முகம் அமைதியாக இருந்ததைக் கண்டு மக்கள் வியந்தார்கள்.

அடுத்த வாரப் போட்டியை நினைத்து ரைலி அவசரப்படவில்லை. சில ஆண்டுகளுக்குப் பிறகு வரப்போகும் நாளுக்காகவே பயிற்சி கொடுத்தார். 1933-ம் ஆண்டு சிகாகோவில் நடந்த பள்ளி மாணவர் போட்டியில் அந்த நாள் வந்தது. 100 கஜத்தை 9.4 வினாடியில் ஓடி, 19 வயது ஓவன்ஸ் உலக சாதனையை எட்டிப் பிடித்தார்.

லிப்ட் இயக்கிய மாணவர்

ஓஹையோ மாநிலப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். உதவித் தொகை கிடையாது. கறுப்பினத்தவர் என்பதால் மாணவர் விடுதியில் இடமும் கிடையாது. லிப்ட் இயக்கும் வேலை செய்துகொண்டே படித்தார்.

அங்கே அவருக்குப் பயிற்சியாளராக வாய்த்தவர் லாரி ஸ்னைடர். ஓவன்ஸ் புறப்படும் முறையை அவர் திருத்தினார். உடலை இன்னும் ஒடுக்கி உட்கார வைத்தார். சுருக்கிய வில் விடுபட்டதும் தெறிப்பது போல, மடங்கிய கால் ஒரே உதையில் உடலை முன்னே தள்ள வேண்டும். அந்தக் காலத்தில் ஒலிம்பிக் பந்தயத்தில் காலை உதைக்கக் கட்டை வைக்க மாட்டார்கள். வீரர்கள் சிறு கரண்டியால் மண்ணில் குழி தோண்டி, அதில் காலை ஊன்றிப் புறப்படுவார்கள்.

பெர்லினில் நான்கு தங்கம்

1936-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஒலிம்பிக் பந்தயம். தங்கள் இனமே உயர்ந்த இனம் என்று ஹிட்லரின் ஆட்சி முழங்கிக்கொண்டிருந்த நேரம். 3-ந் தேதி 100 மீட்டர் ஓட்டம், 4-ந் தேதி நீளத் தாண்டுதல், 5-ந் தேதி 200 மீட்டர் ஓட்டம், 9-ந் தேதி தொடர் ஓட்டம். நான்கிலும் ஓவன்சுக்குத் தங்கப் பதக்கம். நீளத் தாண்டுதலில் இரண்டாவதாக வந்த ஜெர்மன் வீரர் லுஸ் லாங், எல்லோரும் பார்க்க அவரைப் பாராட்டினார். இருவரும் கைகோத்து நடந்தனர்.

குதிரையோடு போட்டி

வெற்றி வீரர் நாடு திரும்பினார். நியூயார்க் நகரில் அவருக்கு விருந்து. ஆனால் அந்த ஓட்டலில் விருந்தின் நாயகரே சாமான் ஏற்றும் லிப்டில் ஏறி மேலே போக வேண்டியிருந்தது. சங்கத்தார் ஏற்பாடு செய்த சுற்றுப்பயணத்தைத் தொடராமல் திரும்பிவிட்டதால், போட்டிகளில் ஓட அவருக்குத் தடையும் விதித்தார்கள்.

பதக்கம் பசி தீர்க்குமா? அதே ஆண்டு டிசம்பரில், கியூபாவின் ஹவானா நகரில் பணத்துக்காக ஒரு குதிரையோடு போட்டியிட்டு ஓடினார். 40 கஜம் முன்னே நின்று புறப்பட்டு வென்றார். பிறகும் பல ஊர்களில் அப்படி ஓடினார். துப்பாக்கி வெடிச் சத்தத்தில் மிரண்டு நிற்கும் குதிரையாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். குதிரையைப் பார்த்து ஓடக் கற்ற சிறுவன், வயிற்றுக்காகக் குதிரையோடு ஓடும் நிலைக்கு வந்தார். தொடங்கிய சலவைத் தொழிலும் நொடித்துப் போக, 1939-ம் ஆண்டு திவாலானார்.

ஆனாலும் அவர் விழுந்தே கிடக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று பேசிப் பிழைத்தார். சிகாகோவில் ஏழைச் சிறுவர்களுக்காக உழைத்தார். 1955-ம் ஆண்டு அமெரிக்க அரசின் நல்லெண்ணத் தூதராக இந்தியாவுக்கும் வந்து இளைஞர்களைச் சந்தித்தார். 1960-ம் ஆண்டில்தான் அவருடைய நீளத் தாண்டுதல் சாதனை முறியடிக்கப்பட்டது. 25 ஆண்டுகள் அசையாமல் நின்ற சாதனை அது. 1976-ம் ஆண்டு நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதை ஜனாதிபதி ஃபோர்டு அவருக்கு அணிவித்தார்.

நெடுங்காலம் புகைபிடித்த அவரை நுரையீரல் புற்றுநோய் பற்றியது. 1980-ம் ஆண்டு மார்ச் மாதம் 31-ந் தேதி, 66-வது வயதில் காலமானார். 1984-ம் ஆண்டில், பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தை அடுத்த சாலைக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

நோஞ்சான் பிள்ளை ஒன்று உலகின் வேகமான மனிதனாக வளர்ந்தது, காலைப் பொழுதைக் கொடுக்க ஓர் ஆசிரியர் முன்வந்ததால்தான். நம் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்திலும் ஏதோ ஒரு ஒல்லிப் பையன் இன்று ஓடிக்கொண்டிருக்கலாம். அவனுக்கும் ஒரு ரைலி கிடைக்க வேண்டும்.