இலவசமாக வந்த பாடநூல்கள்

டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் என்றதும் வெள்ளைத் தலைப்பாகையும் இந்தியாவின் ஆசிரியர் தினமும்தான் நினைவுக்கு வரும். அவர் தத்துவம் படிக்கப் போன காரணம் தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதே பாடத்தை முடித்திருந்த உறவினர் ஒருவர் தம் பாடநூல்களை அவரிடம் கொடுத்துவிட்டார். புத்தகச் செலவு மிச்சம். அவ்வளவுதான்.

1888ஆம் ஆண்டு திருத்தணியில், தெலுங்கு பேசும் எளிய குடும்பத்தில் பிறந்தவர். திருப்பதி, வேலூர் என மிஷனரிகள் நடத்திய கல்விக்கூடங்களில் உதவித்தொகையில் படித்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். 17 வயதுக்குள் திருமணமும் முடிந்திருந்தது. அந்த நிலைமையில் எனக்கு எந்தப் பாடம் பிடிக்கும் என்று உட்கார்ந்து யோசிக்க முடியுமா?

பாடம் தற்செயலாக அமைந்தது. கேள்வி அப்படி அமையவில்லை. வகுப்பில் கற்பித்தது பெரும்பாலும் ஐரோப்பியத் தத்துவம். பேராசிரியர்கள் மிஷனரிகள். இந்து சமயச் சிந்தனையை, குறிப்பாக வேதாந்தத்தை, அவர்கள் கடுமையாக விமர்சித்தனர். உலகம் மாயை என்றால் நல்லது செய்வதற்கும் கெட்டது செய்வதற்கும் என்ன வேறுபாடு, அத்தகைய தத்துவத்தில் அறநெறிக்கு இடம் எங்கே என்பது அந்த விமர்சனத்தின் சாரம். வீட்டில் நம்பிய ஒன்று வகுப்பறையில் இப்படிக் கேள்விக்குள்ளானது அவரை வருத்தியது. ஆனால் அவர் கோபித்துக்கொண்டு பாடத்தை விட்டுவிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பழைய நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டும் இருக்கவில்லை. விமர்சனம் சரிதானா என்று பார்க்க மூலநூல்களைத் தேடிப் படித்தார்.

முதுகலை ஆய்வேட்டுக்கு அந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டார். வேதாந்தத்துக்குள்ளும் அறவியலுக்கு இடமுண்டு என்று, வகுப்பில் கற்ற ஐரோப்பிய வாதமுறையைக் கொண்டே எழுதினார். பேராசிரியர் ஏ.ஜி. ஹாக் மனம் புண்படுவாரோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது. (விரிவுரையாளரின் கருத்தை மறுத்து ஒரு பக்கக் கட்டுரை எழுதியவர்களுக்கே அந்த அச்சம் புரியும்.) ஹாக் அந்த ஆய்வேட்டை மிகவும் பாராட்டினார். 1908இல் அது நூலாக அச்சானபோது ராதாகிருஷ்ணனுக்கு வயது 20.

தத்துவப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் பல்கலைக்கழகத்தின் தரவரிசையை மட்டும் பார்க்கிறார்கள். இறுதியாண்டில் சொந்தமாக ஓர் ஆய்வேடு எழுத வாய்ப்பு உண்டா, இந்திய, சீனச் சிந்தனைகளுக்குத் தனிப் பாடங்கள் உண்டா என்பதையும் பாருங்கள். இரண்டாவது இல்லாவிட்டாலும் முதலாவது இருந்தால் சமாளித்துவிடலாம். ராதாகிருஷ்ணன் சமாளித்தது அப்படித்தான்.

தத்துவம் சோறு போடுமா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். அவர் 1909இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். பிறகு மைசூர், கல்கத்தா. இந்தியாவின் குடியரசுத் தலைவரானது அதற்கும் வெகுகாலம் கழித்து, 1962இல். எனக்கு அதைவிடப் பிடித்தது 1936ஆம் ஆண்டுதான். அந்த ஆண்டு ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக நியமித்தது. அவருக்குக் கிடைத்த பதவியின் பெயரிலேயே கீழைச் சமயங்களும் அறவியலும் சேர்ந்து இருந்தன.