பத்து வெள்ளி கேட்டு வந்த அமைச்சர்

பல்கலைக்கழகத்துல படிக்கிற நம்ம பிள்ளைங்க பலருக்கு இப்போ தொழில் திட்டத்தை எடுத்துச் சொல்லிப் பணம் கேட்கிற வேலை வருகிறது. எத்தனை ஸ்லைடு போடணும், என்ன நிறம் வைக்கணும் என்பதிலேயே பாதி நேரம் போயிடுது. பொறியியல் படிக்கிற எனக்கும் இது புதுசு இல்லை. ஆனா ஸ்லைடே இல்லாமல், அதிகம் பள்ளிக்கூடம் போகாத பால்வெட்டுத் தொழிலாளர்களிடம் ஒரு பெரிய தொழில் திட்டத்தைச் சொல்லி ஜெயித்தவர் ஒருவர் நம்ம பேராக்கிலேயே இருந்தார். அவர்தான் துன் வீ. தி. சம்பந்தன்.

தைப்பிங்கில் இருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய சுங்கை சிப்புட்டில் 1919 ஜூன் 16-இல் அவர் பிறந்தார். அப்பா வீராசாமி 1896-இல் தமிழ்நாட்டில் இருந்து மலாயாவுக்கு வந்தவர். உழைத்து ரப்பர் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் ஆனவர். மகன் கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியிலும், பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தார். 1955-இல் ம.இ.கா.வின் தலைவரானார். அதே ஆண்டு தேர்தலில் வென்று தொழிலாளர் அமைச்சரும் ஆனார்.

அந்தக் காலத்துல தோட்டங்களில் பெரிய பயம் ஒன்று பரவியது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக ஆரம்பித்தன. வாங்கியவர்கள் நிலத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். சின்னத் துண்டு வாங்கியவருக்கு நூறு தொழிலாளர்கள் எதுக்கு? வேலை போனது. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் வீடும் போனது. கோயிலும் தமிழ்ப்பள்ளியும்கூட ஆட்டம் கண்டன.

இதற்கு மாற்றாக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்களே பணம் போட்டு, அவர்கள் பால் வெட்டும் தோட்டத்தை அவர்களே வாங்குவது என்பதுதான் திட்டம். அமைச்சராக இருந்த சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் இதை விளக்கினார். தொடக்கமாகக் கேட்டது 10 வெள்ளி. இன்னைக்கு ஒரு வேளை சாப்பாட்டுக் காசு. அன்னைக்குச் சில நாள் கூலி. அதைக் கொடுக்கச் சம்மதிக்க வைப்பது லேசான காரியமா?

அவருடைய திட்டம் கட்டப்பட்டிருந்த விதத்தைப் பாருங்க. கேட்பவர் ராத்திரி தூக்கம் இல்லாமல் யோசிக்கிற விஷயத்துக்கு அது நேராகப் பதில் சொன்னது. தோட்டம் கைமாறினால் என் குடும்பம் எங்கே போகும் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. கேட்ட தொகை, கஷ்டப்பட்டாலும் எடுத்து வைக்க முடிகிற தொகை. போட்ட பணம் எங்கே போகிறது என்பதும் தெளிவு. அது தானமும் இல்லை, சந்தாவும் இல்லை; நிலத்தில் பங்கு. சொன்னவரும் ரப்பர் நிலத்தோடு வளர்ந்தவர், கணக்கு தெரிந்தவர்.

இன்னொன்றும் இருந்தது. 1961-இல் கெடாவில் ஏறக்குறைய 3,000 ஏக்கர் கொண்ட புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. அதுதான் முதல் தோட்டம். அதுவரை வாக்குறுதியாக இருந்தது அன்றோடு கண்ணால் பார்க்கக்கூடிய மண்ணாக ஆனது. அடுத்த தோட்டத்து மக்களிடம் பேச அதைவிட நல்ல சான்று வேறு என்ன வேணும்? பிறகு ஒவ்வொன்றாகப் பல தோட்டங்களைச் சங்கம் வாங்கியது.

பிற்பாடு பொதுப்பணி, தபால், தொலைத்தொடர்பு அமைச்சராகப் பல ஆண்டுகள் இருந்தார். தேசிய ஒற்றுமை அமைச்சராகவும் இருந்தார். 1973-இல் கட்சித் தலைமையில் இருந்து விலகினார். 1979 மே 18-இல் காலமானபோது அவருக்கு வயது 59. அப்பா விட்டுச்சென்ற ரப்பர் நிலத்தில் பெரும்பகுதி அப்போது அவர் கையில் இல்லை. அவர் ஆரம்பித்த சங்கம் இன்றும் இயங்குகிறது.

தம்பி தங்கச்சிகளே, அடுத்த முறை வங்கியிலோ போட்டியிலோ திட்டம் சொல்லப் போகும்போது, லேப்டாப்பைத் திறக்கும் முன் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிப் பாருங்க. எதிரே உட்கார்ந்திருப்பவருடைய கவலை என்ன? அவரிடம் நான் கேட்கும் முதல் அடி அவரால் எடுத்து வைக்க முடிகிற அடியா? அவர் நம்புவதற்கு நான் செய்து காட்டியது என்ன? மூன்றாவதுக்குப் பதில் இல்லைன்னா, முதலில் சின்னதா ஒன்றைச் செய்து முடிச்சிட்டுப் போங்க. ஸ்லைடு அதுக்கு அப்புறம் போட்டுக்கலாம்.