காந்தியிடமே கணக்குப் பார்த்த மனிதர்: ஜே.சி.குமரப்பா

மதுரையில் ராஜபாளையம் பஸ் ஏறினால், திருமங்கலம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் டி.கல்லுப்பட்டி வரும். குற்றாலம் டூர் போகும்போது நம்மில் பாதிப் பேர் அந்த ஊரைத் தூங்கிக்கொண்டே கடந்திருப்போம். கரிசல் மண், சீமைக்கருவேலம், ரோட்டோரம் டீக்கடை. அந்த ஊரில் காந்தி நிகேதன் ஆசிரமம்னு ஒண்ணு இருக்கு. லண்டனில் ஆடிட்டர் படிப்பும் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ.வும் முடித்த ஒருவர், தன் கடைசி வருடங்களை அங்கேதான் ஒரு சின்ன வீட்டில் கழித்தார். பெயர் ஜே.சி.குமரப்பா.

இன்னைக்கு நாம 'சஸ்டெய்னபிலிட்டி' என்று செமினாரில் பிபிடி போட்டுப் பேசுகிற விஷயத்தை, 1945-லேயே புத்தகமாக எழுதி வைத்தவர் இவர். ஷூமாக்கர் 1973-ல் வெளியிட்ட 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' உலகம் முழுக்கப் பேசப்பட்ட நூல். அதில் குமரப்பாவைக் குறிப்பிடும் இடத்தில், இந்தியத் தத்துவவாதி என்று முதலில் சொல்லிவிட்டு, பொருளாதார அறிஞர் என்பதை இரண்டாவதாகத்தான் சொல்கிறார். ஆடிட்டராக ஆரம்பித்த ஒருத்தர் எப்படித் தத்துவவாதி ஆனார், அரசியலுக்குள் எப்படி வந்தார், கடைசியில் ஏன் கல்லுப்பட்டிக்கு வந்து சேர்ந்தார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கோட்டு சூட்டுக் காலம்

1892 ஜனவரி 4, தஞ்சாவூர். ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா பொதுப்பணித் துறையில் அதிகாரி. பையனுக்கு வைத்த பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். படித்தவர்கள் நிறைந்த வீடு. அக்கா தம்பி என்று உடன்பிறந்தவர்களில் பலர் பின்னாளில் பெயர் வாங்கியவர்கள்.

1912-ல் லண்டன் போனார். கணக்குத் தணிக்கை படித்து, அங்கேயே வேலையும் பார்த்தார். முதல் உலகப் போர் முடிந்ததும் பம்பாய் திரும்பி, 1924-ல் கொர்னேலியஸ் அண்ட் தாவர் என்ற சொந்த ஆடிட் கம்பெனியைத் தொடங்கினார். நல்ல வருமானம், மேல்நாட்டு உடை, மேல்நாட்டுப் பழக்கம். அரசியல் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத ஆள். அப்படியே போயிருந்தால் பம்பாயின் பெரிய ஆடிட்டர்களில் ஒருவராக ரிட்டயர் ஆகியிருப்பார். நாமும் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டோம்.

1927-ல் மேல்படிப்புக்கு அமெரிக்கா போனதில்தான் பாதை திரும்பியது. சிராக்யூஸில் வணிக நிர்வாகத்தில் ஒரு பட்டம். அடுத்து கொலம்பியா. அங்கே ஒரு சர்ச்சில், இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்று ஒரு சொற்பொழிவு செய்தார். அந்தப் பேச்சு பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த பேராசிரியர் செலிக்மன், பொது நிதித் துறையில் அப்போது பெரிய பெயர், அதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஆய்வுக்காக ஆங்கில அரசின் வரவு செலவை ஒரு ஆடிட்டர் கண்ணோடு புரட்ட ஆரம்பித்தார். கம்பெனிக் கணக்கில் திருட்டு இருந்தால் எப்படித் தெரியுமோ, அப்படித் தெரிந்தது. யாரிடமிருந்து வரி வாங்குகிறார்கள், அது யாருக்குச் செலவாகிறது என்று வரிவரியாகப் பார்த்தபோது, நாட்டின் வறுமை ஏதோ தலைவிதி இல்லை, பேரேட்டில் எழுதி வைத்த ஒரு கணக்கு என்று புரிந்தது. போராட்டமோ பொதுக்கூட்டமோ அவரை மாற்றவில்லை. மாற்றியது அந்தப் பேரேடுதான். ஊர் திரும்பிய கையோடு கொர்னேலியஸை விட்டுவிட்டு, குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார்.

சபர்மதி மரத்தடி

1929 மே 9. ஆய்வேட்டைப் பதிப்பிப்பது பற்றிப் பேச, காந்தியைப் பார்க்க சபர்மதி போனார் குமரப்பா. பட்டுச் சூட்டு, கையில் தடி. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். சுற்றிப் பார்த்துக்கொண்டே போனபோது, மரத்தடியில் சாணம் மெழுகிய தரையில் ஒரு கிழவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். இவர் தடியை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கிழவரே, நீங்கள்தானே குமரப்பா என்று கேட்டபோதுதான், அவர் யார் என்று உறைத்தது. பட்டுச் சூட்டோடு அப்படியே சாணத் தரையில் உட்கார்ந்தார். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார்.

ஆய்வேட்டை 'யங் இந்தியா'வில் தொடராக வெளியிட காந்தி ஒத்துக்கொண்டார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தில் மாத்தர் தாலுகா கிராமங்களின் பொருளாதார நிலையை நேரில் போய்க் கணக்கெடுக்க வேண்டும். குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. ஆனாலும் குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு 54 கிராமங்களில் இறங்கினார். ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் என்ன வருகிறது, என்ன போகிறது, வரிக்கு அப்புறம் மிஞ்சுவது எவ்வளவு என்று வீடு வீடாக எழுதினார்கள். கொலம்பியாவில் மேலிருந்து பார்த்த அதே கணக்கு, இங்கே கீழிருந்து.

1930-ல் உப்புச் சத்தியாகிரகம் வந்தது. தலைவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போக, 'யங் இந்தியா'வை நடத்தும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. எழுதினார், சிறைக்கும் போனார். காந்தி–இர்வின் ஒப்பந்தத்தால் 1931-ல் வெளியே வந்ததும் இன்னொரு பெரிய ஆடிட் காத்திருந்தது. இந்தியாவின் தலையில் இருக்கும் கடனில் எது உண்மையிலேயே இந்தியாவின் கடன் என்று ஆராய, கராச்சி காங்கிரஸுக்குப் பிறகு ஒரு குழு போட்டார்கள். அதன் அமைப்பாளர் குமரப்பா. கிழக்கிந்தியக் கம்பெனி நாடு பிடிக்க நடத்திய போர்களின் செலவும், 1857 எழுச்சியை அடக்கிய செலவும் இந்தியாவின் கணக்கிலேயே ஏற்றப்பட்டிருந்தன. அடித்தவன் தடிக்கு ஆன காசை அடி வாங்கினவனிடமே வசூல் பண்ணின மாதிரி. இதை ஆவேசம் இல்லாமல், அட்டவணை போட்டுக் காட்டியது அந்த அறிக்கை. 1932-ல் மறுபடி சிறை, இந்தமுறை நாசிக்.

மூணு அணா

1934 ஜனவரியில் பீகாரைப் பூகம்பம் புரட்டிப் போட்டது. நிவாரண நிதி குவிந்தது. அதன் கணக்கைப் பார்க்க குமரப்பாவை அழைத்தார்கள். தொண்டர் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு மூணு அணா என்று விதி வைத்தார். அதற்கு மேல் ஒரு காசு கிடையாது.

அந்தச் சமயம் காந்தி தன் குழுவோடு பாட்னா வந்தார். அவர்களுடைய செலவு மூணு அணாவில் அடங்காது. நிவாரண நிதியிலிருந்து இதைத் தர முடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று காந்தியின் செயலர் மகாதேவ் தேசாயிடம் குமரப்பா சொல்லிவிட்டார். விஷயம் காந்தி வரை போனது. கூப்பிட்டுக் கேட்டார். நிதி கொடுத்தவர்கள் பூகம்பத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காகக் கொடுத்தார்கள், தலைவருக்காக விதியைத் தளர்த்தினால் நாளைக்கு யாரையும் கேட்க முடியாது என்று இவர் விளக்கினார். காந்தி ஒத்துக்கொண்டார். யாரைத் தன் குருவாக நினைத்தாரோ, அவர் பில்லையே நிறுத்தி வைத்த மனிதர் இவர்.

மகன்வாடி

அதே 1934 டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியது. வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் இருந்து அதை நடத்தியவர் குமரப்பா. செக்கு, கைக்குத்தல் அரிசி, வெல்லம், கையால் செய்யும் காகிதம், தேனீ வளர்ப்பு. இதைக் கேட்டதும் மெஷினே வேண்டாம்னு சொன்ன பழமைவாதி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மகன்வாடியில் நடந்தது ஒரு வகையில் ஆர் அண்ட் டி.

உதாரணத்துக்கு ஒரு விளக்கு. கிராமங்களில் அப்போது எரிந்தது சீமெண்ணெய். அது வெளியே இருந்து வாங்கும் பொருள். விளக்கு ஏற்ற ஏற்றக் காசு ஊரைவிட்டுப் போகும். ஊரிலேயே ஆட்டிய எண்ணெயில் எரிகிற மாதிரி 'மகன் தீபம்' என்ற விளக்கை அங்கே வடிவமைத்தார்கள். எண்ணெய்க்கான காசு உழவரிடமும் செக்கு ஓட்டுபவரிடமும் போய், ஊருக்குள்ளேயே சுற்றும். ஒரு டிசைனின் எஃபிஷியன்சியை வெளிச்சத்தை மட்டும் வைத்து அளக்காமல், காசு போகும் திசையையும் சேர்த்து அளந்தார் குமரப்பா. உடையைக்கூட விடவில்லை. வேட்டிக்கும் பைஜாமாவுக்கும் நடுவில் 'தோத்திஜாமா' என்று ஒன்றைத் தானே வடிவமைத்துப் போட்டுக்கொண்டார்.

1938-ல் காங்கிரஸ் தேசியத் திட்டக் குழுவை அமைத்தது. தலைவர் நேரு. குமரப்பாவும் உறுப்பினர். பெருந்தொழிற்சாலைகளை மையமாக வைத்தே எல்லாம் பேசப்பட்டது. சில மாதங்களில் விலகிவிட்டார்.

சிறையில் எழுதிய தத்துவம்

இரண்டாம் உலகப் போர் நேரம். பிரிட்டன் இந்தியாவிலிருந்து தானியமும் துணியும் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு அச்சடித்த காகிதத்தைத் தருகிறது, விலைவாசி ஏற அதுவே காரணம் என்று குமரப்பா எழுதினார். விளைவு, ஜபல்பூர் சிறை. உடம்பு கெட்டது. ஆனால் அங்கேதான் இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று ஏசுவின் வாழ்வும் போதனையும் பற்றியது. இன்னொன்று 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்', அதாவது நிலைத்து நிற்கும் பொருளாதாரம்.

இரண்டாவது நூலின் அடிப்படை ரொம்ப எளிமையானது. இயற்கையில் ஐந்து விதமான வாழ்க்கை இருக்கிறது என்கிறார். ஒட்டுண்ணி, தான் வாழும் உயிரையே அழிக்கும். தோப்பில் புகுந்த குரங்கு, எதையும் நடாமல் பழத்தைத் தின்னும். பூவில் தேன் எடுக்கும் தேனீ, எடுத்ததற்குப் பதிலாக மகரந்தம் சேர்க்கும். அதே தேனீ கூட்டுக்குள் தனக்காக இல்லாமல் கூட்டத்துக்காக உழைக்கும். கடைசியில் தாய்ப்பறவை, திரும்ப எதையும் எதிர்பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டும். ஒரு மனிதன், ஒரு கம்பெனி, ஒரு நாடு, எதை எடுத்தாலும் இந்த ஐந்தில் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துவிடலாம்.

அடுத்து, பொருட்களையும் இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோலியம், கனிமம் எல்லாம் தேங்கிக் கிடக்கும் சேமிப்பு. எடுக்க எடுக்கத் தீரும். காற்று, வெயில், ஓடும் தண்ணீர், விளைச்சல் எல்லாம் வந்துகொண்டே இருக்கும் வரவு. சேமிப்பை நம்பி வாழும் நாடுகள் அது தீரத் தீர அடுத்தவன் சேமிப்புக்குச் சண்டை போடும், போரின் வேர் அதில்தான் இருக்கிறது என்றார். ஆடிட்டர் மொழியில் சொன்னால், முதலை எடுத்துத் தின்றுவிட்டு அதை லாபம் என்று எழுதாதே. அவ்வளவுதான்.

நம்ம ஆட்சியில்

விடுதலைக்குப் பிறகு குமரப்பா தேர்தலில் நிற்கவில்லை, மந்திரி ஆகவில்லை. ஆனால் காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழுவின் தலைவர் பொறுப்பை ஏற்றார். 1949-ல் அறிக்கை வந்தது. நிலம் உழுபவருக்கே சேர வேண்டும். இடைத்தரகர்கள் ஒழிய வேண்டும். ஒரு குடும்பம் கௌரவமாக வாழத் தேவையான நிலத்தைப் போல மூன்று மடங்குதான் உச்சவரம்பு. அறிக்கையைப் பலர் பாராட்டினார்கள். ஆனால் சட்டம் போடும் இடங்களில் நிலக்காரர்கள் நிறைய இருந்தார்கள். முக்கியமான பகுதிகள் காகிதத்திலேயே தங்கிவிட்டன.

தில்லியில் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். கூட்டத்துக்குக் குதிரை வண்டியில் போன குமரப்பாவை, இந்த ரோட்டில் வண்டிக்கு அனுமதி இல்லை என்று போலீஸ் தடுத்தது. அதை நேருவிடமே கேட்டார். லாரிகள் வேகமாக வருவதால் வண்டிக்காரர்களின் பாதுகாப்புக்காகத்தான் இந்தத் தடை என்று பதில் வந்தது. ஆபத்து உண்டாக்குவது லாரி என்றால் தடுக்க வேண்டியது லாரியைத்தானே, வண்டியை ஏன் தடுக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டாராம்.

1951-ல் சீனா, அடுத்த வருடம் சோவியத் ஒன்றியம் போய்வந்து, அங்கே கண்ட நல்லதை நல்லது என்றே எழுதினார். உடனே கம்யூனிஸ்ட் ஆகிவிட்டார் என்று பழைய நண்பர்கள் முகம் சுளித்தார்கள். இடதுசாரிகளுக்கோ இவர் ராட்டைக்காரர். எந்த முகாமிலும் அவருக்கு நிரந்தர நாற்காலி இல்லை. இரத்த அழுத்தம் வேறு படுத்திக்கொண்டிருந்தது.

கல்லுப்பட்டி

அந்த நிலையில்தான் 1950-களின் நடுவில் டி.கல்லுப்பட்டிக்கு வந்தார். கோ.வெங்கடாசலபதி 1940-ல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் இடம் கொடுத்தது. கல்யாணம் செய்துகொள்ளாதவர், சொத்து சேர்க்காதவர். முடிந்தவரை எழுதினார், தேடி வந்தவர்களிடம் பேசினார். சுவரில் ஒரு ஏழைக் கிராமத்தானின் படம் வைத்திருந்தார். யார் இது என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விளக்கம்: காந்தி என் எஜமான், இவர் என் எஜமானுக்கு எஜமான்.

1960 ஜனவரி 30 அன்று, காந்தி கொல்லப்பட்ட அதே தேதியில், குமரப்பா காலமானார். வயது 68.

தோற்றுப் போனவரா? நடைமுறையில் பார்த்தால் ஆமாம்தான். அவர் சொன்ன பாதையில் நாடு போகவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் வயசாகவில்லை. மதுரைக்குத் தெற்கே கமுதியில் 648 மெகாவாட் சோலார் பிளாண்ட் நிற்கிறது. குமரப்பா அதைப் பார்த்தால் வெயிலை வரவுப் பக்கம் எழுதிவிட்டு, கணக்கை அதோடு மூடியிருக்க மாட்டார். பேனலுக்குள் இருக்கும் கனிமம் எங்கே தோண்டியது, அந்த நிலத்தில் முன்பு ஆடு மேய்த்தவர் இப்போது எங்கே, கரண்ட் எந்த ஊருக்குப் போகிறது, காசு எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டிருப்பார். ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'காஸ்ட் எஸ்டிமேஷன்' என்று நாம ஒரு பக்கம் ஒதுக்குவோமே, அந்தப் பக்கத்தில் இந்தக் கேள்விகளுக்கும் ஒரு பத்தி சேர்க்கலாம்.